வி.பி.என். இணைந்தும் அலுவலகக் கணினி திறக்கவில்லையா?

ஒவ்வொரு மாதமும் 20ஆம் நாள் நெருங்கும்போது வணிகர்களிடமும் அவர்தம் கணக்காளர்களிடமும் பரபரப்பு கூடிவிடுகிறது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தின் இறுதி நாள் அதுவே. மாதக் கடைசியில் ஊழியர்களின் சம்பளப் பட்டியலையும் வங்கிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கணக்கு மென்பொருள் அலுவலகக் கணினியில் இருக்கிறது. கணக்காளர் வீட்டில் இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு அவர் மடிக்கணினியைத் திறந்து வி.பி.என். இணைப்பை இயக்குகிறார். ‘இணைக்கப்பட்டது’ என்று திரை சொல்கிறது. அடுத்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைய முயன்றால், தொலைக் கணினியை அணுக இயலவில்லை என்ற செய்தி மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது.

நம் நடப்புக் கணக்கு வாடிக்கையாளர்களில் பலருக்கு இந்நிலை புதிதன்று. சிறு தொழில் நிறுவனங்களும் தணிக்கையாளர் அலுவலகங்களும் வணிகக் கூடங்களும் இன்று இவ்வகை இணைப்பை நம்பியே இயங்குகின்றன. இணைப்பு தவறும்போது பெரும்பாலான காரணங்கள் எளியவை. வரிசையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அவசரத்தில் எடுக்கப்படும் ஒரு தவறான முடிவு, அலுவலகக் கணினியையும் அதன் வழியே வங்கிக் கணக்கையும் அந்நியர் கையில் ஒப்படைத்துவிடக்கூடும். ஆகவே கோளாற்றைக் கண்டறியும் முறையையும், எந்த அவசரத்திலும் செய்யக்கூடாதவற்றையும் இக்கட்டுரை சேர்த்தே விளக்குகிறது.

பெட்டக அறையும் பெட்டகமும்

வங்கியில் லாக்கர் வைத்திருப்போர் ஒரு நடைமுறையை நன்கு அறிவர். முதலில் பதிவேட்டில் கையொப்பமிட்டுப் பெட்டக அறைக்குள் செல்ல வேண்டும். பிறகு உங்கள் லாக்கரை அதற்குரிய சாவிகளைக் கொண்டு திறக்க வேண்டும். அறைக்குள் நுழைந்துவிட்டதனால் மட்டும் லாக்கர் திறந்துவிடாது. இரண்டும் வெவ்வேறு கதவுகள். இரண்டிற்கும் வெவ்வேறு அனுமதிகள்.

வி.பி.என். என்பது பெட்டக அறைக்குச் செல்லும் வழி. பொது இணையத்தின் நடுவே, வெளியார் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப் பாதையை அது அமைக்கிறது. அப்பாதை உங்களை அலுவலக வலையமைப்பின் உள்ளே கொண்டுசேர்க்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் என்பது லாக்கரைத் திறப்பது போன்றது. குறிப்பிட்ட ஒரு கணினியைத் தேடிச் சென்று, அதன் வாயிலைத் தட்டி, பெயரும் கடவுச்சொல்லும் காட்டி உள்ளே நுழைவது அதன் வேலை. ‘வி.பி.என். இணைந்துவிட்டது, ஆனாலும் வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் கூறும்போது, முதற்கதவு திறந்துவிட்டது, இரண்டாம் கதவிலோ இடைப்பட்ட வழியிலோ தடை இருக்கிறது என்பதே பொருள்.

இருப்பாய்வு பொருந்தாதபோது அனுபவமுள்ள கணக்காளர் கண்ட பதிவையெல்லாம் திருத்தத் தொடங்குவதில்லை. கூட்டலைச் சரிபார்ப்பார், பேரேட்டிலிருந்து எடுத்தெழுதியதைச் சரிபார்ப்பார், அதன் பிறகே மூலப் பதிவுகளுக்குச் செல்வார். இங்கும் அதே ஒழுங்குதான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். ஒன்றை மாற்றிப் பயனில்லையெனில், அதைப் பழைய நிலைக்குக் கொணர்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

தவறும் விதமே ஒரு தடயம்

முதலில், இணைப்பு எவ்வாறு தவறுகிறது என்று கவனிக்கவும். இதில் நான்கு வகைகள் உண்டு.

ஒன்று: வி.பி.என். இணைப்பே கிடைக்கவில்லை. கோளாறு உங்கள் இணையத்திலோ, வி.பி.என். கணக்கிலோ, அலுவலகத்தின் வி.பி.என். சாதனத்திலோ உள்ளது.

இரண்டு: வி.பி.என். இணைகிறது, அலுவலகக் கணினியை அழைத்தால் நெடுநேரம் காத்திருந்து பின் தவறுகிறது. அழைப்பு உரிய இடத்தை அடையவில்லை, அல்லது வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் அதைச் சத்தமின்றி விழுங்கிவிடுகிறது.

மூன்று: அழைத்த மறுகணமே மறுக்கப்படுகிறது. பெரும்பாலும் அந்தக் கணினி விழித்திருக்கிறது. ஆனால் நீங்கள் தட்டும் வாயிலில் விடையளிக்க எவரும் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வசதி அணைக்கப்பட்டிருக்கலாம்.

நான்கு: பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, கொடுத்த பின் ஏற்க மறுக்கிறது. பாதை முழுவதும் சரியாக இருக்கிறது. கோளாறு அடையாளச் சரிபார்ப்பில் மட்டுமே. இந்நிலையில் ரவுட்டரை அணைத்துப் போடுவதால் பயன் ஏதுமில்லை.

எந்த வகை என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும். திரையில் தோன்றும் செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளவும், அல்லது படமெடுத்துக்கொள்ளவும். அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் ‘ஓடவில்லை’ என்று சொல்வதைவிட அந்த ஒரு வரி பலமடங்கு உதவும்.

வி.பி.என். இணையாதபோது

முதலில் இணையம் இயங்குகிறதா என்று பார்க்கவும். விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களில் வைஃபை இணைந்தது போலத் தோன்றினாலும், உலாவியில் ஒரு வரவேற்புப் பக்கத்தைத் திறந்து கைப்பேசி எண்ணைப் பதிந்த பிறகே இணையம் கிடைக்கும். அதுவரை வி.பி.என். இணையாது.

அடுத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக முயன்று பார்க்கவும். அதில் இணைந்தால் உங்கள் வி.பி.என். கணக்கு சரியாகவே உள்ளது. தடை வீட்டு இணைப்பிலோ, ரவுட்டரிலோ இருக்கிறது. சில பொது வலையமைப்புகள் சாதாரண இணையதளங்களுக்குரிய போர்ட்களை மட்டும் திறந்துவைத்து, ஏனையவற்றை அடைத்துவிடுகின்றன. ஐ.பி.செக் வகை வி.பி.என். யு.டி.பி. முறையில் 500, 4500 ஆகிய போர்ட்களையும், ஓபன்வி.பி.என். வழக்கமாக 1194 என்ற போர்ட்டையும் பயன்படுத்துவதால், அத்தகைய இடங்களில் அவை இயங்காமல் போகும். இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட் வழியே செல்லும் வி.பி.என். வசதி உங்கள் அலுவலகத்தில் உண்டா என்று கேட்டு அறிந்துகொள்ளலாம்.

கணினியின் தேதியையும் நேரத்தையும் பார்க்கவும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் நேரம் பிசகிய கணினியில், வி.பி.என். சாதனத்தின் மின்சான்றிதழ் காலாவதியானதுபோலத் தோன்றி நிராகரிக்கப்படும். அங்கீகாரச் செயலி தரும் ஆறு இலக்க எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. கைப்பேசியின் கடிகாரம் சில நிமிடங்கள் தவறினாலே, சரியான எண்ணைப் பதிந்தாலும் ஏற்கப்படாது. நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியை இரு கருவிகளிலும் இயக்கிவைப்பதே இதற்குத் தீர்வு.

கடவுச்சொல் மறுக்கப்பட்டால் மீண்டும் மீண்டும் முயல வேண்டாம். பல அலுவலகங்களில், சில தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கு பூட்டப்படும் வகையில் விதி அமைந்திருக்கும். பூட்டப்பட்ட பிறகு சரியான கடவுச்சொல்லும் தவறானதாகவே கருதப்படும், குழப்பம் இரட்டிப்பாகும்.

பாதை இருந்தும் கணினி கிடைக்காதபோது

பெரும்பாலான தொல்லைகள் இப்பகுதியில்தான் எழுகின்றன. எளிய காரணத்திலிருந்து தொடங்குவோம்.

அலுவலகக் கணினி விழித்திருக்கிறதா? மாலையில் எவரேனும் பழக்கத்தின் பேரில் அதை அணைத்திருக்கலாம். சிறிது நேரம் பயன்பாடின்றி இருந்தமையால் அது உறக்க நிலைக்குச் சென்றிருக்கலாம். மின்சாரம் போய் வந்தபின் பல கணினிகள் தாமாகத் தொடங்குவதில்லை. அதற்கென ஓர் அமைப்பு கணினியின் அடிப்படை நிரலில் இருக்கிறது, அதை இயக்கிவைக்க வேண்டும். தொலைவிலிருந்து பயன்படுத்தும் கணினியில் உறக்க நிலையை நிறுத்திவைப்பதும், அதை யு.பி.எஸ். இணைப்பில் வைப்பதும் நன்று.

அதன் எண் முகவரி மாறிவிட்டதா? அலுவலக ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.25 என்பது போன்ற ஓர் எண் முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. மறுதொடக்கத்திற்குப் பின் அது வேறாகலாம். நேற்று உங்கள் கணினிக்கு உரியதாக இருந்த முகவரியில் இன்று அச்சுப்பொறி இருக்கலாம். அக்கணினிக்கென ஒரே முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவைத்தால் இத்தொல்லை நீங்கும். பெயரைக் கொண்டு இணைக்க முயன்று தவறினால், எண் முகவரியைக் கொடுத்து முயலவும். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லையெனில், கணினியிலும் பாதையிலும் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டில்தான் குறை. வி.பி.என். இணைந்த பின்னும் உங்கள் மடிக்கணினி அலுவலகத்தின் பெயர்ப் பட்டியலைக் கேளாமல் வீட்டு இணைப்பின் பட்டியலையே கேட்டுக்கொண்டிருக்கும்போது இவ்வாறு நேரும்.

இரண்டு எம்.ஜி. சாலைகள்

எல்லாம் சரியாகத் தெரிந்தும் இணைப்பு கிடைக்காமல் பலரைத் திகைக்க வைக்கும் காரணம் ஒன்றுண்டு. பெங்களூரிலும் எம்.ஜி. சாலை உண்டு, புனேயிலும் உண்டு. பெங்களூரில் இருப்பவர் ஊர்ப் பெயரை எழுதாமல் ‘12, எம்.ஜி. சாலை’ என்று மட்டும் உறையில் எழுதினால், அக்கடிதம் புனேக்குச் செல்லாது. உள்ளூர் அஞ்சல்காரர் அதை உள்ளூரிலேயே சேர்ப்பிக்கப் பார்ப்பார்.

கணினி வலையமைப்பிலும் இவ்வாறே நிகழ்கிறது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உட்பயன்பாட்டிற்கென மூன்று எண் தொகுதிகள் 1996ஆம் ஆண்டின் இணையத் தரநிலையில் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்கும் தொகுதி, 172.16 முதல் 172.31 வரையிலான தொகுதி, 192.168 என்று தொடங்கும் தொகுதி ஆகியவையே அவை. எவரும் இவற்றை எங்கும் பயன்படுத்தலாம் என்பதால், ரவுட்டர் தயாரிப்போர் பலரும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொடரையே முன்கூட்டி அமைத்து விற்கின்றனர். உங்கள் வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1 என்று அமைந்துவிட்டால், 192.168.1.25 என்ற அலுவலகக் கணினியை நீங்கள் அழைக்கும்போது மடிக்கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும். வி.பி.என். பாதை திறந்திருந்தும் அதன் வழியே எதுவும் செல்லாது.

இதைக் கண்டறிவது எளிது. வி.பி.என். இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் அமைப்புகளின் வலையமைப்புப் பகுதியில் உங்கள் மடிக்கணினியின் ஐ.பி.வி.4 முகவரியைப் பார்க்கவும். அதன் முதல் மூன்று எண்களும் அலுவலகக் கணினியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. கைப்பேசி ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் வேறொரு தொடரைத் தரும். அதில் அலுவலகக் கணினி திறந்துவிட்டால் காரணம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

இரு முனைகளில் ஒன்றன் தொடரை மாற்றுவதே நிலையான தீர்வு. வீட்டு ரவுட்டரை 192.168.57 போன்ற அரிய தொடருக்கு மாற்றினால் உங்கள் தொல்லை தீரும். ஆனால் பத்துப் பேர் பத்து வீடுகளிலிருந்து வேலை செய்யும் அலுவலகமெனில், அலுவலகத்தின் தொடரை மாற்றுவதே முறை. அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் முகவரிகளும் உடன் மாற வேண்டியிருப்பதால், இதனை விடுமுறை நாளில் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். தாக்கல் கடைசி நாளில் தொடக்கூடாத வேலை இது.

வாயிற்காவலர் தடுக்கும்போது

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், 3389 என்ற போர்ட்டில் விடையளிக்கிறது. மடிக்கணினியின் பவர்ஷெல் சாளரத்தில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, அலுவலகக் கணினியின் முகவரியையும் இந்தப் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், வாயில் திறந்திருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். வழக்கமான ‘பிங்’ சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பிங் அழைப்புக்கு விடை தராதவாறு விண்டோஸ் ஃபயர்வால் பல கணினிகளில் அமைந்திருப்பதால், பிங் மௌனமாக இருப்பது கணினி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வாயில் மூடியிருந்தால் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, அலுவலகக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா? விண்டோஸின் ஹோம் பதிப்பில் பிறர் உள்நுழைவதை ஏற்கும் வசதியே கிடையாது. ப்ரோ முதலிய பதிப்புகளில்தான் உண்டு. புதிய கணினி வாங்கிய பின் இணைப்பு நின்றுபோன அலுவலகங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, புதிய ரவுட்டரையோ கேபிளையோ மாற்றிய பின் விண்டோஸ் அந்த வலையமைப்பைப் ‘பொது’ வகையாகக் கருதத் தொடங்கியிருக்கலாம். அவ்வகையில் ஃபயர்வால் விதிகள் கடுமையானவை. மூன்றாவது, அலுவலகத்தின் ஃபயர்வால் விதி உள்ளூர் முகவரிகளை மட்டும் ஏற்கும்படி எழுதப்பட்டிருக்கலாம். வி.பி.என். வழியே வருவோருக்குத் தனியொரு முகவரித் தொடர் தரப்படுவதால், அவர்கள் அந்த விதியின் கண்ணில் வெளியாராகவே தெரிவர். அந்தத் தொடரையும் விதியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஃபயர்வாலை முழுவதும் அணைப்பது இதற்கு மாற்றாகாது.

இணைந்து, திரை தோன்றி, பிறகு கறுத்து உறைந்துபோகும் வகை ஒன்றும் உண்டு. இணையத்தில் தரவு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சில வகை அகல அலைவரிசை இணைப்புகளில் அது 1492. வி.பி.என். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் தன் உறையைப் போர்த்துவதால் அளவு மிஞ்சி, பெரிய பொட்டலங்கள் மட்டும் வழியில் தொலைந்துவிடுகின்றன. கடவுச்சொல் போன்ற சிறியவை கடந்துவிடும். முழுத் திரைப்படம் போன்ற பெரியவை கடக்கா. வி.பி.என். அமைப்பில் எம்.டி.யு. எனப்படும் உச்ச அளவை 1400 அளவிற்குக் குறைத்தால் இது பெரும்பாலும் சீராகும். கணினிப் பொறுப்பாளரைக் கொண்டே இதைச் செய்விக்கவும்.

கடவுச்சொல் ஏற்கப்படாதபோது

பயனர் பெயரின் முன்னால் எந்தக் கணினியின் அல்லது எந்த டொமைனின் பெயர் நிற்கிறது என்று பார்க்கவும். மடிக்கணினி தன் பெயரையே முன்னொட்டாகச் சேர்த்து அனுப்பினால், அலுவலகக் கணினி அப்படியொருவர் இல்லை என்று மறுக்கும். கடவுச்சொல்லின் காலம் முடிந்திருந்தாலும் நுழைவு மறுக்கப்படலாம். தொலைவிலிருந்து அதை மாற்றவும் சில அமைப்புகளில் இயலாது. ஆகவே காலம் முடியுமுன் அலுவலகத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நன்று. ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்த அனுமதி பெற்றோர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிடினும் கதவு திறக்காது. டொமைன் முறையில் இயங்கும் அலுவலகங்களில், இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே 5 நிமிடத்திற்கு மேல் வேறுபாடு இருந்தால் அடையாளச் சரிபார்ப்பு தவறக்கூடும். அங்கும் கடிகாரமே முதல் சாட்சி.

எந்த அவசரத்திலும் செய்யக்கூடாதவை

மேற்கூறிய யாவற்றிலும் நேரம்தான் நட்டம். இனிக் கூறுபவற்றில் பணமே நட்டமாகும்.

‘வி.பி.என். தொல்லை வேண்டாம், 3389 போர்ட்டை ரவுட்டரில் நேரடியாக வெளியே திறந்துவிடுவோம்’ என்று யோசனை சொல்வோர் உண்டு. அன்றிரவு வேலை முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பெட்டக அறையின் சுவரை இடித்து, லாக்கரைச் சாலையோரம் வைப்பதற்கு ஒப்பானது அது. திறந்த போர்ட்களைத் தேடியலையும் நிரல்கள் இணையத்தில் இடைவிடாமல் இயங்குகின்றன. கண்டதும் கடவுச்சொற்களை ஊகித்து முயலத் தொடங்கிவிடும். 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ‘புளூகீப்’ எனப் பெயர் பெற்ற ஒரு குறைபாட்டிற்குத் திருத்தம் வெளியிட்டது. பழைய விண்டோஸ் பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில், கடவுச்சொல் ஏதுமின்றியே வெளியார் உட்புக அக்குறைபாடு இடமளித்தது. ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் அந்நிறுவனம் அப்போது திருத்தம் அளித்தது என்பதே அபாயத்தின் அளவைக் காட்டும். கணக்குக் கோப்புகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் விரும்பி நுழையும் வழிகளுள் இத்தகைய திறந்த ரிமோட் டெஸ்க்டாப்பும் ஒன்று.

இதினும் அடிக்கடி நேர்வது, தேடுபொறியில் ‘உதவி எண்’ என்று தேடி, முதலில் கண்ட எண்ணை அழைப்பது. மறுமுனையில் கனிவாகப் பேசுபவர், திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணைக் கேட்பார். அந்த எண்ணைச் சொன்னதும் உங்கள் திரை அவர் திரையாகிறது. 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, ‘எனிடெஸ்க்’ செயலியை வாடிக்கையாளர் கைப்பேசியில் நிறுவச் செய்து யு.பி.ஐ. வழியே பணம் பறிக்கும் முறையைக் குறித்து எச்சரித்தது. அச்செயலியும் அதுபோன்ற பிறவும் முறையான பணிக்கென உருவானவையே; அறிமுகமற்றவர் கையில் அவை கன்னக்கோலாகின்றன. உங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணிலிருந்து பேசினாலன்றி, திரையைப் பகிர வேண்டாம். பகிர நேர்ந்தாலும், முன்னதாக இணைய வங்கிச் சேவையிலிருந்து வெளியேறிவிடவும், ஓ.டி.பி. வரும் கைப்பேசியை அந்த இணைப்பில் சேர்க்க வேண்டாம். வங்கி அலுவலர் எவரும் இத்தகைய செயலியை நிறுவச் சொல்வதில்லை.

வி.பி.என். இயங்கும்போது இணைய வங்கிச் சேவை

வி.பி.என். இணைந்திருக்கும்போது வங்கித் தளத்தில் நுழைய முடியவில்லை என்ற கேள்வியும் கிளைகளில் எழுகிறது. சில அமைப்புகளில், வி.பி.என். இயங்கும்போது உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அலுவலகத்தின் வழியே செல்கிறது. நீங்கள் நாக்பூர் வீட்டில் இருந்தாலும், மும்பை அலுவலகத்திலிருந்தோ, நிறுவனத்தின் வெளிநாட்டுச் சர்வரிலிருந்தோ நுழைவதுபோல வங்கிக்குத் தோன்றும். வழக்கத்திற்கு மாறான இடத்திலிருந்து வரும் நுழைவைப் பாதுகாப்பு அமைப்பு நிறுத்திவைக்கலாம். இடையில் வி.பி.என். அறுந்து மீண்டும் இணைந்தால் முகவரி மாறி, அமர்வு முடிந்துபோகலாம். பணம் அனுப்பும் நடுவே இவ்வாறு நேர்ந்தால், மீண்டும் அனுப்புமுன் கணக்கு விவரத்தைப் பார்த்து, முதல் பரிமாற்றம் நிறைவேறியதா என்று உறுதி செய்துகொள்ளவும்.

அலுவலக வேலை முடிந்ததும் வி.பி.என். இணைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கித் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நுழைவதே தெளிவான வழி. இலவச வி.பி.என். செயலிகள் அலுவலக வி.பி.என்.னிலிருந்து வேறானவை. முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியே உங்கள் போக்குவரத்தைத் திருப்புவதே அவற்றின் வேலை. வங்கிப் பணிக்கு அவற்றைத் தவிர்க்கவும்.

தவறு நேர்ந்துவிட்டால்

திரையைப் பகிர்ந்துவிட்டோம், பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் இணையத்தைத் துண்டிக்கவும். வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லவும். 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கவும். தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகருமுன் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், முதல் சில மணி நேரமே முக்கியமானது.

சட்ட அடிப்படையிலும் விரைவுக்குப் பயனுண்டு. அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இன்றி வாடிக்கையாளரிடமும் இன்றி வேறெங்கோ நேர்ந்திருந்தால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நட்டம் ஏதுமில்லை என்று அது கூறுகிறது. கடவுச்சொல் முதலியவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததனால் நேர்ந்த நட்டமெனில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டம் முழுவதும் அவரையே சாரும்; தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். வெட்கத்தால் ஓர் இரவு தாமதிப்பது, அந்த இரவின் நட்டத்தைத் தாமே ஏற்பதாகும்.

இன்றே எழுதிவைக்க ஒரு தாள்

அலுவலகத்தில் இருக்கும் ஓய்வான பகற்பொழுதில் ஒரு தாளை எடுத்து இவற்றைக் குறித்துக்கொள்ளவும்: அலுவலகக் கணினியின் பெயரும் எண் முகவரியும், அலுவலகத்தின் முகவரித் தொடர், வீட்டின் முகவரித் தொடர், பயனர் பெயரை எழுதும் முறை, கடவுச்சொல் காலாவதியாகும் தேதி, கணினிப் பொறுப்பாளரின் கைப்பேசி எண், மாலையில் அலுவலகத்தைப் பூட்டுபவரின் எண், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள சேவை எண், 1930. கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுத வேண்டாம்.

பிறகு, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை, வீட்டு வைஃபையில் ஒருமுறை என இணைப்பைச் சோதித்துப் பார்க்கவும். தாக்கல் நாளுக்கு ஒரு வாரம் முன்பு இதைச் செய்தால், குறை தெரிந்தாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். சோதித்த பின்னும் கடைசி இரவில் இணைப்பு கிடைக்கவில்லையெனில், மறுநாள் காலை அலுவலகத்திற்கே சென்று தாக்கல் செய்யலாம். தாமதத்திற்கு விதிக்கப்படும் கட்டணத்திற்கும் வட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்நியர் கையில் சிக்கிய வங்கிக் கணக்கிலிருந்து எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கே இல்லை.